முத்தரப்பு ஒப்பந்தத்தில் இயங்கும் சட்டச் சீர்திருத்த நிறுவனம்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

எந்தச் சட்டத்தை எப்படி மாற்றலாம் என்று ஆராய்ந்து பரிந்துரைப்பது சட்டச் சீர்திருத்த நிறுவனத்தின் வேலை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் உள்ள அப்படிப்பட்ட நிறுவனத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2001 ஜூலையில் மாநில அரசும் டாஸ்மேனியா பல்கலைக்கழகமும் வழக்கறிஞர் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மேல்தான் அது நிற்கிறது. அடிலெய்டில் உள்ள தென் ஆஸ்திரேலிய நிறுவனமும் இதே மாதிரிதான். அதன் ஒப்பந்தம் 2010 டிசம்பரில் போடப்பட்டது. இந்த மாதிரிக்கு மூத்தது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண நிறுவனம். அட்டர்னி ஜெனரல் (அங்கே சட்டத் துறைக்குப் பொறுப்பான அமைச்சர்), ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம், அந்த மாகாண வழக்கறிஞர் சங்கம் மூவரும் சேர்ந்து 1967இல் அதை உருவாக்கினார்கள்.

இலங்கையின் சட்ட ஆணைக்குழுவுக்கு 1969ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. இந்தியச் சட்ட ஆணையத்தை ஒவ்வொரு முறையும் மத்திய அரசு ஆணை போட்டு மூன்று ஆண்டுகளுக்கு அமைக்கிறது. முத்தரப்பு நிறுவனத்துக்கு இந்த இரண்டும் கிடையாது. அதை மூட யாரும் சட்டத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை, அறிக்கை விட வேண்டியதுமில்லை. ஒப்பந்தத்தின் தேதி முடிந்த பிறகும் மூன்று பேரில் ஒருவர் பேசாமல் இருந்தாலே போதும். முடிவெடுக்காமல் இருப்பதே முடிவாகிவிடும்.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலை முதன்முறையாகத் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் இயக்குநராகவோ, அவருடைய அலுவலகத்தில் இருப்பவராகவோ, பல்கலைக்கழகச் சட்டப் புலத்தின் நிர்வாகியாகவோ நீங்கள் இருக்கலாம். பெரும்பாலும் டாஸ்மேனியாவை வைத்தே சொல்கிறேன். தேவைப்படும் இடத்தில் மற்ற நிறுவனங்களும் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தேட வேண்டியது, கையெழுத்தான மூல ஒப்பந்தம். கோப்பில் இருப்பது பல நேரம் கடைசி வரைவாகத்தான் இருக்கும், கையெழுத்துப் பக்கம் காலியாகக் கிடக்கும். மூன்று தரப்பும் தனித்தனிப் பிரதியில் கையெழுத்திடும் வழக்கம் உண்டு. அப்படியானால் ஒரு பக்கம் அரசுத் துறையிலும், ஒரு பக்கம் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும், இன்னொன்று சங்க அலுவலகத்திலும் இருக்கும். மூன்றையும் வரவழைத்து ஒன்றாகச் சேருங்கள். வரைவுக்கும் கையெழுத்தான பிரதிக்கும் நடுவில் ஒரு சொல் மாறியிருந்தாலும் பேச்சுவார்த்தை மேசையில் அது உங்களைச் சங்கடப்படுத்தும்.

அடுத்து, இடையில் போன திருத்தக் கடிதங்களையும் நீட்டிப்புக் கடிதங்களையும் எடுங்கள். முதல் ஒப்பந்தத்திலிருந்து இன்றுவரை காலவரிசைப்படி அடுக்கினால் எந்த ஷரத்து எப்போது, எதற்காக வந்தது என்பது தெரியும்.

டாஸ்மேனியாவில் இன்னொரு அடுக்கும் உண்டு. நிறுவனம் உருவானதே பல்கலைக்கழகமும் மாநில அரசும் 2000இல் செய்துகொண்ட ஒரு பெரிய கூட்டு ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகத்தான். உங்கள் நிறுவனத்துக்கும் மேலே இப்படி ஒரு தாய் ஒப்பந்தம் இருந்தால், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, அதன் பெயர் மாறிவிட்டதா, அதில் உங்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால், அதைச் சுட்டும் ஷரத்துகள் எல்லாம் புதிய வரைவில் காற்றில் தொங்கும்.

இவற்றோடு மூன்று பட்டியல்கள் வேண்டும்: ஒப்பந்தக் காலத்தில் வந்த வரவும் செலவும், பணியாளர்களின் பணி முடியும் தேதிகள், கையில் ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வுகள். இரண்டாவது பட்டியலை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆய்வாளர்களின் பணி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முத்தரப்பு ஒப்பந்தம் முடியும் நாளிலேயே முடியும்படி எழுதப்பட்டிருக்கும். காகிதம் தாமதமானால் முதலில் வேறு வேலை தேடிப் போகிறவர்கள் அவர்கள்தான்.

2. முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் ஆறு மாதம் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பதினெட்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு அவ்வளவு நாள் ஆகாது. மூன்று தரப்பின் நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதுதான் காரணம்.

அரசின் பங்கு பட்ஜெட்டில் வர வேண்டும். டாஸ்மேனியாவில் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, பட்ஜெட் வழக்கமாக மே மாதம். துறை தன் கோரிக்கையை அதற்குப் பல மாதங்கள் முன்பே கருவூலத்துக்கு அனுப்பிவிடும். அந்தக் கோரிக்கையில் உங்கள் வரி இல்லையென்றால், அமைச்சர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

தேர்தலையும் கணக்கில் எடுங்கள். டாஸ்மேனியா 2021, 2024, 2025 என்று நான்கு ஆண்டுகளுக்கும் சற்று மேலான காலத்துக்குள் மூன்று சட்டமன்றத் தேர்தல்களைப் பார்த்தது. 2025 மே இறுதியில் பட்ஜெட் வந்தது. ஜூன் தொடக்கத்தில் மாநில முதல்வர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. ஜூலையில் தேர்தல், நவம்பரில் மறுபடியும் பட்ஜெட். காபந்து அரசு இருக்கும் நாட்களில் பல ஆண்டு நிதிப் பொறுப்பை ஏற்கும் ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திட மாட்டார்கள். உங்கள் ஒப்பந்தம் அந்த ஜூனில் முடிவதாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சங்கத்தின் தலைவர் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார். இன்று உங்களோடு பேசுபவர் கையெழுத்து நாளில் பதவியில் இருப்பாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ஆட்சிமன்றம் ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். கூட்ட நிகழ்ச்சி நிரலுக்குத் தாள் கொடுக்கக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. கூட்டத் தேதியைவிட அந்த நாள்தான் உங்களுக்கு முக்கியம்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் குறியுங்கள். எல்லோராலும் முடியாத மாதங்களை முதலில் அடித்துவிட்டால், மிச்சம் இருப்பது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும்.

3. பழைய ஒப்பந்தத்தை நடைமுறையோடு ஒப்பிடுங்கள்

வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவது போல இதையும் முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். சரி, சில நேரம் அதுதான் சரியான வழியாகவும் இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: காகிதம் சொல்வது, உண்மையில் நடப்பது, இனி வேண்டுவது. ஒவ்வொரு ஷரத்துக்கும் ஒரு வரிசை.

ஆய்வுத் தலைப்பை யார் கொடுக்கலாம் என்பதை எடுத்துக்கொள்வோம். டாஸ்மேனிய நிறுவனம் அரசு, பொதுமக்கள், பல்கலைக்கழகம் ஆகியோர் முன்வைக்கும் தலைப்புகளையும் தானே தேர்ந்தெடுக்கும் தலைப்புகளையும் ஆராயும். காகிதத்தில் நான்கு வாசல்களும் திறந்திருக்கும். நடைமுறையில் அரசு காசு கொடுத்து ஒப்படைக்கும் ஆய்வுகளே ஆள்பலம் முழுவதையும் தின்றுவிட்டால், கடைசி வாசல் பெயருக்குத்தான் திறந்திருக்கிறது. இதை எந்தத் தரப்பும் திட்டமிட்டுச் செய்திருக்காது. ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

இரண்டாவது நெடுவரிசையை நீங்களே நிரப்பாதீர்கள். வாரிய உறுப்பினர் ஒருவர், ஆய்வாளர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பதில்களும் ஒத்துப்போகாத ஷரத்துகள்தான் புதிய ஒப்பந்தத்தில் தெளிவாக்கப்பட வேண்டியவை.

4. யாரிடம் முதலில் போவது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பெரிய பணம் அரசிடம் இருக்கிறது என்று நேராக அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, “மற்ற இரண்டு பேரும் என்ன சொல்கிறார்கள்?” பதில் இல்லையென்றால் கோப்பு அதே இடத்தில் நின்றுவிடும்.

எனக்குச் சரியாகப் படும் வரிசை இது. முடியும் தேதி நெருங்குகிறது என்ற தகவலை மூவருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் கோரிக்கை எதுவும் வேண்டாம். துறையின் பட்ஜெட் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுவதற்கு அது போதும். அப்புறம் கேட்கும் வரிசையில் பல்கலைக்கழகம் முதலில், சங்கம் இரண்டாவது, அரசு கடைசி.

பல்கலைக்கழகம் ஏன் முதலில்? இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் தனிச் சட்ட உருவம் இல்லாதவை. பணியாளர்களுக்குச் சம்பளம் போடுவது, அறை கொடுப்பது, வங்கிக் கணக்கை வைத்திருப்பது எல்லாமே பல்கலைக்கழகம்தான். அது கையை விரித்துவிட்டால் மற்ற இருவரின் சம்மதத்துக்கு இறங்க இடமில்லை. சங்கம் இரண்டாவதாக வருவதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. நீதிமன்றங்களில் அன்றாடம் நிற்பவர்கள் இந்த நிறுவனம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், துறையில் அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

சங்கத்திடம் போகும்போது அறிக்கைகளின் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். ஓர் அறிக்கை சட்டமாகி, வழக்கறிஞர் ஒருவரின் மேசையில் எதை மாற்றியது என்று காட்டுங்கள். ஆல்பர்ட்டா நிறுவனத்தின் பெரிய திட்டத்திலிருந்து வந்த புதிய நீதிமன்ற விதிகள் 2010 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தன. அங்கே வழக்குத் தாக்கல் செய்யும் ஒவ்வொருவரும் அந்த விதிகளைத்தான் புரட்டுகிறார்கள். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் அதை முதல் பக்கத்தில் வையுங்கள்.

5. பணப் பகுதியை முதலில் முடியுங்கள்

இதை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணம் பேசி முடியாத நிலையில் சுதந்திரம் பற்றிய ஷரத்துகளைத் திறந்தால், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் பேரமாக அது மாறிவிடும். “தொகையைக் கூட்டித் தருகிறோம், அறிக்கையை வெளியிடும் முன் எங்களிடம் காட்டிவிடுங்கள்” என்று மிக மென்மையாகத்தான் தொடங்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கூட்டம் வையுங்கள், தனித்தனி நாளில்.

ரொக்கத்தையும் பொருளாக வருவதையும் பிரித்து எழுதுங்கள். அறை, கணினி, நூலகத் தரவுத்தளங்கள், சம்பளப் பட்டியல் வேலை ஆகியவை பொருளாக வருபவை. இவற்றில் மிகப் பெரியது பலர் எழுத மறப்பது: இயக்குநரின் நேரம். பெரும்பாலும் அவர் சட்டப் பேராசிரியராகவும் இருப்பார். அவருக்கு எத்தனை வகுப்புகள் குறைக்கப்படும் என்பது காகிதத்தில் இல்லையென்றால், டீன் மாறிய அடுத்த பருவத்திலேயே கால அட்டவணையில் அவர் பெயர் மறுபடி ஏறிவிடும். “பல்கலைக்கழகம் தகுந்த ஆதரவு வழங்கும்” என்ற வரியை வைத்துக்கொண்டு அதைத் தடுக்க முடியாது.

தொகையை விலைவாசியோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தரப்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே தொகையை ஒப்புக்கொள்கிறது. முதல் ஆண்டில் செலவும் அவ்வளவே. பிறகு ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் அதே வேலைக்கு ஏறத்தாழ 1,12,550 டாலர் வேண்டும். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தால் விழும் துண்டு ஏறத்தாழ 30,900 டாலர். சிறிய நிறுவனத்தில் அது ஓர் ஆய்வாளரின் பல மாதச் சம்பளம். இந்தக் கணக்கை உங்கள் உண்மையான தொகைகளை வைத்துப் போட்டு, பேச்சுவார்த்தைக்கு முன்பே மூவருக்கும் அனுப்புங்கள்.

நிதியாண்டு பொருந்தாமையை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகங்கள் ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை கணக்கு வைக்கின்றன, மாநில அரசு ஜூலையிலிருந்து ஜூன்வரை. கனடாவின் ஒன்டாரியோவில் இன்னும் சிக்கல். அங்கே 2007இல் செயல்படத் தொடங்கிய சட்ட ஆணையமும் இப்படிக் கூட்டு ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். அது இருப்பது யார்க் பல்கலைக்கழகத்தின் ஆஸ்குட் ஹால் சட்டப் பள்ளியில். மாகாண அரசின் ஆண்டு மார்ச்சில் முடிகிறது, யார்க் பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஏப்ரலில், வழக்கறிஞர் சங்கத்தின் ஆண்டு டிசம்பரில். ஆகவே “ஆண்டுதோறும்” என்று மட்டும் எழுதினால் யாருடைய ஆண்டு என்று தெரியாது. ஒவ்வொரு தரப்பும் எந்தத் தேதிக்குள் தன் தவணையைச் செலுத்தும் என்று நாள் குறித்து எழுதுங்கள்.

வட்டிப் பணத்தை நம்பியிருக்கும் இடங்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. கனடாவில் வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களின் பணத்தை வைத்திருக்கும் பொது அறக்கணக்குகளின் வட்டி, சட்ட அறக்கட்டளைகளுக்குப் போகிறது. ஆல்பர்ட்டா நிறுவனத்துக்கும் ஒன்டாரியோ ஆணையத்துக்கும் முக்கிய நிதி அங்கிருந்தே வருகிறது. மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் அறக்கட்டளையின் வருவாய் சரியும். ஒன்டாரியோவில் அந்த வருவாயின் முக்கால் பங்கு சட்ட உதவிக்கே போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்ற எல்லோரும் மீதிக் கால் பங்கைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால் வட்டி நன்றாக வரும் ஆண்டுகளில் கையிருப்பைச் சேர்க்கவும், மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதிக்கும் ஷரத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் செலவழியாத பணம் திரும்பிப் போகும், மோசமான ஆண்டில் கையில் ஒன்றும் இருக்காது.

அடிப்படை நிதியையும் ஆய்வுக்கென்று வரும் நிதியையும் கலக்காதீர்கள். குறிப்பிட்ட ஆய்வுக்காக அரசு கொடுக்கும் தொகையை அடிப்படை நிதியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி நுழைந்தால், நீங்கள் அரசு வேலை செய்யச் செய்ய உங்கள் சொந்த ஆய்வுக்கான பணம் குறையும்.

6. சுதந்திரம் பற்றிய ஷரத்துகளைச் சொல் சொல்லாகப் பாருங்கள்

“நிறுவனம் சுதந்திரமாகச் செயல்படும்” என்ற ஒற்றை வரி போதாது. எதில் சுதந்திரம் என்று சொல்லாத வரியை எந்தப் பக்கமும் இழுக்கலாம். நான்கு இடங்களில் தெளிவு வேண்டும்: தலைப்பைத் தேர்வது, பரிந்துரையை முடிவு செய்வது, அறிக்கையை வெளியிடுவது, இயக்குநரை நியமிப்பது.

வெளியீட்டைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். “நிறுவனம் தன் அறிக்கையைத் தரப்பினரின் ஒப்புதலுடன் வெளியிடலாம்” என்பது ஒரு வரைவு. “நிறுவனம் தன் அறிக்கையை வெளியிடுவதற்கு 14 நாட்களுக்கு முன் தரப்பினருக்குப் பிரதி அனுப்பும்” என்பது இன்னொன்று. முதலாவதில் ஒருவர் பதில் போடாமல் இருந்தே அறிக்கையை நிறுத்திவிடலாம். இரண்டாவதில் அமைச்சருக்குப் பத்திரிகையாளர்களைச் சந்திக்கத் தயாராக நேரம் கிடைக்கிறது. நிறுத்தும் உரிமை கிடைக்கவில்லை. துறையின் உண்மையான கவலை பெரும்பாலும் அந்தத் தயாரிப்பு நேரம்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்துவிட்டால், முதல் வரைவை அவர்களே கைவிடுவார்கள்.

இந்த ஷரத்து ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு டாஸ்மேனியாவின் அறிக்கைகளே சான்று. குழந்தைகளை அடித்துத் திருத்துவது பற்றி 2003இல் அறிக்கை வந்தது. மாநிலத்துக்கு மனித உரிமைச் சாசனம் வேண்டும் என்று 2007இல் பரிந்துரைத்தார்கள். அரசுகள் மாறியும் அந்தச் சாசனம் சட்டமாகவில்லை. தென் ஆஸ்திரேலியாவிலோ, கொலை வழக்கில் ‘ஆத்திரமூட்டப்பட்டேன்’ என்ற எதிர்வாதத்தைப் பற்றிய நிறுவனத்தின் ஆய்வுக்குப் பிறகு 2020இல் அந்த எதிர்வாதமே நீக்கப்பட்டது. ஆல்பர்ட்டாவில் நீண்ட கால அனுபோகத்தை வைத்து அடுத்தவர் நிலத்துக்கு உரிமை கோருவதை ஒழிக்கலாம் என்று 2020இல் அறிக்கை வந்தது, 2022இல் சட்டமன்றம் ஒழித்தது. ஏற்கப்பட்டதும் ஏற்கப்படாததும் ஒரே உரிமையால்தான் வெளியே வந்தன. அரசுக்குப் பிடித்தது மட்டும்தான் வெளிவரும் என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிட்டால், அடுத்த ஆய்வுக்குக் கருத்துச் சொல்ல ஆள் வராது.

அரசின் பதிலுக்கும் ஒரு காலக்கெடு கேளுங்கள். நியூசிலாந்தில் சட்ட ஆணைய அறிக்கைக்கு அரசு 120 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற அமைச்சரவை விதி இருக்கிறது. அதை முன்மாதிரியாகக் காட்டலாம். ஏற்க வேண்டும் என்று கேட்கவில்லை, பதில் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை நிலுவையில் உள்ள அறிக்கைகளைப் பற்றித் துறையும் நிறுவனமும் கூடிப் பேசும் என்ற ஷரத்தையாவது வாங்குங்கள்.

7. வாரியம்

நிறுவனத்தை வழிநடத்தும் வாரியத்தில் எந்தத் தரப்புக்கும் பெரும்பான்மை கூடாது. தரப்புகள் நியமிப்பவர்களைத் தவிர நீதித்துறை, பொதுமக்கள், பழங்குடி மக்கள் ஆகியோருக்கும் இடம் இருக்கட்டும். ஒரு தரப்பு நியமிக்காமல் இடத்தைக் காலியாக விட்டாலும் கூட்டம் செல்லும் என்று எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால், கூட்டம் நடத்த வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை கிடைக்காமல் போய், அறிக்கைகள் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கும்.

8. மாறக்கூடியதை இணைப்புக்குத் தள்ளுங்கள்

தொகை, தவணைத் தேதி, அறை எண், தொடர்பு அதிகாரியின் பதவி ஆகியவை ஒப்பந்தத்தின் உடலில் இருக்கக் கூடாது, இணைப்பில் இருக்கட்டும். இணைப்பைக் கடிதப் பரிமாற்றத்தால் மாற்றலாம் என்று ஒரு ஷரத்து போதும். ஆட்சிமன்றத்துக்கும் அமைச்சருக்கும் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்காது.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். சுதந்திரம் பற்றிய எதையும் இணைப்பில் வைக்காதீர்கள். எளிதாக மாற்றலாம் என்ற வசதி எல்லோருக்கும் பொது.

9. விலகலையும் முடிவையும் இப்போதே எழுதுங்கள்

நல்ல உறவு இருக்கும்போது இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தால்தான் இந்தப் பகுதி எப்போதும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. கனடாவின் அனுபவத்தைப் பாருங்கள்: சட்டத்தால் உருவான பழைய ஒன்டாரியோ சட்டச் சீர்திருத்த ஆணையம் 1996இல் மூடப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆணையத்துக்கு அரசு நிதி 1997இல் நின்றது. சட்டம் இருந்த அமைப்புகளுக்கே அந்த நிலை என்றால், ஒப்பந்தம் மட்டும் இருக்கும் அமைப்பு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விலக நினைக்கும் தரப்பு குறைந்தது 12 மாதம் முன்னறிவிப்பு கொடுக்கட்டும். ஒருவர் விலகினால் மற்ற இருவரும் தொடரலாமா என்பதற்கு நேரடியான பதில் இருக்கட்டும். நிறுவனம் மூடப்பட்டால் அறிக்கைகளின் பதிப்புரிமை யாருக்கு, இணையதளத்தை யார் தொடர்ந்து வைத்திருப்பார்கள் என்பதும் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மக்கள் நம்பிக்கையோடு அனுப்பிய கருத்துரைகள். பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுகளில் பெயரை வெளியிடக் கூடாது என்ற உறுதிமொழியின் பேரில் எழுதியிருப்பார்கள். அந்தக் கோப்புகள் மூடும் நாளில் எந்தத் தரப்புக்கும் கைமாறக் கூடாது என்று எழுதுங்கள். அரசு ஒரு தரப்பாக இருப்பதால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

கடைசியாக, தொடர்ச்சி ஷரத்து. “புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை, அதிகபட்சம் 12 மாதங்களுக்கு, இந்த ஒப்பந்தத்தின் விதிமுறைகள் தொடரும்” என்ற ஒரு வாக்கியம் ஆய்வாளர்களின் சம்பளத்தைக் காப்பாற்றும். பழைய ஒப்பந்தத்தில் இது இல்லையென்றால் நீட்டிப்புக் கடிதத்தை முடியும் தேதிக்கு முன்பே வாங்குங்கள். தேதி கடந்துவிட்டால் நீட்டிக்க எதுவும் மிச்சம் இருக்கிறதா என்ற வாதமே தொடங்கிவிடும்.

10. வரைவும் கையெழுத்தும்

பேனா ஒருவர் கையில் இருக்கட்டும். மூன்று சட்டப் பிரிவுகளும் தனித்தனியே திருத்தி அனுப்பினால் எது கடைசிப் பிரதி என்பதே தெரியாமல் போகும். ஒவ்வொரு பிரதிக்கும் எண்ணும் தேதியும் போடுங்கள், திருத்தம் தெரியும்படி அனுப்புங்கள்.

பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு தன் வழக்கமான மாதிரியிலிருந்து சில பத்திகளைச் சேர்க்கும்: அறிவுசார் சொத்து, ரகசியம் காத்தல், இழப்பீடு. கம்பெனியோடு போடும் ஆராய்ச்சி ஒப்பந்தத்துக்கு அவை சரி. இங்கே ரகசியப் பத்தி அப்படியே நின்றால் வெளியீட்டு உரிமையோடு முட்டும். “வெளியீடு பற்றிய ஷரத்தே மேலோங்கும்” என்று ஒரு வரி சேருங்கள்.

தரப்பினரின் பெயரைச் சரிபாருங்கள். பல்கலைக்கழகம்தான் தரப்பு, சட்டப் புலம் தரப்பு ஆகாது. டீனுக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசின் பக்கம் அமைச்சரின் சொந்தப் பெயர் வராமல் மாநிலமோ பதவியோ வரட்டும். அமைச்சரவை மாறினாலும் பொறுப்பு தொடரும். தரப்புகளே உருமாறுவதும் உண்டு. அடிலெய்டு பல்கலைக்கழகமும் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் இணைந்து 2026 ஜனவரி முதல் ஒரே பல்கலைக்கழகமாக இயங்குகின்றன. ஒன்டாரியோ வழக்கறிஞர் சங்கம் 2018இல் தன் பழைய பெயரை மாற்றிக்கொண்டது. ‘இவற்றின் சட்டப்படியான வாரிசு அமைப்பும்’ என்ற சொற்களைத் தரப்பினர் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

தொடங்கும் தேதியைக் கையெழுத்துத் தேதியோடு கட்டாதீர்கள். மூன்று பேரும் மூன்று நாளில் கையெழுத்திடுவார்கள். பழைய ஒப்பந்தம் முடியும் நாளுக்கு அடுத்த நாளை எண்ணால் எழுதுங்கள்.

11. கையெழுத்தான அந்த வாரத்தில்

முழுமையான பிரதியை மூவருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். பணியாளர்களின் பணி நீட்டிப்பு உத்தரவுகளை அன்றே சம்பளப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் காத்திருந்தது அதற்குத்தான். முதல் தவணைக்கான விலைப்பட்டியலை உடனே போடுங்கள். நிலுவையில் இருக்கும் ஆய்வுகளுக்குக் கருத்துரை அனுப்பியவர்களுக்கு வேலை தொடர்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம் நாட்காட்டியைத் திறந்து இரண்டு தேதிகளைக் குறியுங்கள்: ஒப்பந்தக் காலத்தின் பாதியில் ஒரு பரிசீலனைக் கூட்டம், முடியும் தேதிக்குப் பதினெட்டு மாதம் முன்பு ஒரு நினைவூட்டல். இரண்டையும் உங்கள் சொந்த நாட்காட்டியில் போடாமல், இயக்குநர் பதவிக்கான பொது நாட்காட்டியில் போடுங்கள். அந்த நாள் வரும்போது அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.